மிஞ்சிய சப்பாத்தியில் பிள்ளைகளுக்கு நாலு மணிப் பலகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்திதான். மாமனாருக்குச் சர்க்கரை வந்த பிறகு ராத்திரி சோறு நின்றது, அவருக்காக ஆரம்பித்தது வீட்டுக்கே பழக்கமாகிவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். பெரியவர்கள் ஒருநாள் மூன்று சாப்பிடுவார்கள், ஒருநாள் ஒன்றோடு எழுந்துவிடுவார்கள், அதனால் ரெண்டு மூன்று மிஞ்சாத நாள் குறைவு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு என்று ஓடும்போது அந்தச் சப்பாத்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் பிள்ளைகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு "பசிக்கு" என்று வந்து நிற்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும்.

பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதும் மாடியில் துணி காயப்போடும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். நடுத்தர அளவுச் சப்பாத்தி என்று வைத்துக்கொண்டே எல்லா அளவும் சொல்லியிருக்கிறேன்.

"மதினி, ராத்திரி சுட்ட சப்பாத்தி நாலு மிஞ்சிட்டு. மறுநாள் சாயங்காலம் புள்ளைக்குக் கொடுக்கலாமா, கெட்டுப் போயிருக்காதா?"

கொடுக்கலாம், ஆனால் ராத்திரியே ஒழுங்காக எடுத்து வைத்திருக்க வேண்டும். நிறையப் பேர் செய்யும் தப்பு, ஹாட்பாக்ஸில் இருந்ததை அப்படியே விடிய விடிய விட்டுவிடுவது. உள்ளே வியர்த்து அடிச் சப்பாத்தி சொதசொதவென்று ஆகிவிடும், ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் சீக்கிரம் கெடும். சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியதை ஒரு தட்டில் பரப்பி ஆறவிடுங்கள், அப்புறம் பருத்தித் துணியில் சுற்றி மூடியுள்ள சம்படத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுட்டு ரெண்டு மணி நேரத்துக்குள் இந்த வேலை முடிய வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் சீக்கிரம்.

எடுக்கும்போது ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். புளித்த வாடை அடித்தாலோ, பிய்க்கும் இடத்தில் நூல் மாதிரி பிசுபிசுத்தாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தாலோ மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். புள்ளி இருக்கும் இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கக் கூடாது, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். மாவில் பாலோ தயிரோ ஊற்றிப் பிசைந்த சப்பாத்தியை மறுநாள் சாயங்காலம் வரை வைக்காமல் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

"ஃப்ரிட்ஜுல வெச்சா அட்டை மாதிரி வெறைச்சுப் போகுதே, அதை வெச்சு என்னக்கா செய்ய?"

விறைக்கத்தான் செய்யும். மாவில் இருக்கும் ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை வாங்கி இளகியிருக்கும், ஆற ஆற மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். திரும்பவும் நல்ல சூடு பட்டால் இளகிவிடும். அதனால் விறைத்ததைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் எடுத்ததும் முதலில் மடக்கிப் பார்ப்பேன். விரிசல் விடாமல் மடங்கினால் அது இளசு, சுருட்டவும் மடிக்கவும் ஆகும். மடக்கும்போது நடுவில் கீறல் விட்டால் அது நடுத்தரம், கொத்தவும் முட்டையோடு ஒட்டவும் அதுதான் சரி. அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தால் அது காய்ந்தது, மொறுமொறு துண்டுக்கும் உருண்டைக்கும் அதைவிட நல்லது கிடையாது. எனக்குத் தெரிந்து எல்லாரும் சிரமப்படுவது ஒரே இடத்தில்தான், காய்ந்ததைத் தண்ணீர் தெளித்து மறுபடி மெத்துமெத்துச் சப்பாத்தி ஆக்கப் பார்ப்பார்கள். பிள்ளை வாயில் வைத்ததும் துப்பிவிடும். காய்ந்திருந்தால் காய்ந்ததற்கு ஏற்ற பலகாரத்தைச் செய்யுங்கள். கீழே இளசு, நடுத்தரம், காய்ந்தது என்று நான் சொல்வதெல்லாம் இந்த மடக்கிப் பார்க்கும் கணக்குதான்.

"ஸ்கூல் விட்டு வந்ததும் பசி பசின்னு நிக்கான். அஞ்சு நிமிஷத்துல ஆகுறது ஒண்ணு சொல்லுங்க."

முட்டை ஒட்டுச் சப்பாத்தி. ஒரு முட்டையை உடைத்து உப்பு, கொஞ்சம் மிளகுப்பொடி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ரெண்டு போட்டு அடித்துக்கொள்ளுங்கள். தோசைக்கல் காய்ந்ததும் எண்ணெய் தடவி முட்டையைச் சப்பாத்தி அளவுக்கு ஊற்றி, மேல்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே சப்பாத்தியை அதன்மேல் வைத்துக் கையால் லேசாக அழுத்துங்கள். முட்டையும் சப்பாத்தியும் ஒட்டிக்கொள்ளும். ஓரம் கிளம்பியதும் திருப்பிப் போட்டு, சப்பாத்திப் பக்கம் ஒரு நிமிஷம் சூடேறியதும் எடுத்து நாலாக மடித்துக் கையில் கொடுத்துவிடலாம். முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும், அரைவேக்காடு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நடுத்தரச் சப்பாத்திக்கு இது ரொம்பப் பொருத்தம். முட்டையின் ஈரமே அதை இளக்கிவிடும், தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

"நாங்க முட்டை சேக்க மாட்டோம். அப்போ?"

மூன்று கரண்டி கடலை மாவு, உப்பு, மஞ்சள்தூள், கொஞ்சம் ஓமம் போட்டு தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து, முட்டைக்குப் பதில் அதை ஊற்றுங்கள். கடலை மாவு வேக நேரம் எடுக்கும், மூடி போட்டுச் சிறுதீயில் ரெண்டு நிமிஷம் கூடுதலாக விடுங்கள். பச்சை வாடை போகாமல் எடுத்துவிட்டால் பிள்ளை அடுத்த தடவை தொடாது. வீட்டில் தோசை மாவு இருந்தால் அதையே மெல்லிசாக ஊற்றி மேலே சப்பாத்தியை ஒட்டலாம், என் மகளுக்கு அதுதான் பிடிக்கும்.

"எண்ணெயில பொரிச்சாத்தான மொறுமொறுப்பு வரும்? தினம் பொரிச்சுக் கொடுக்கவும் பயமா இருக்கு."

பொரிக்கவே வேண்டாம். காய்ந்த சப்பாத்தி ஒன்றை எடுத்து ரெண்டு பக்கமும் நல்லெண்ணெய் அரை ஸ்பூன் தடவி, இட்லிக்கு வைக்கும் மிளகாய்ப்பொடியைத் தூவித் தேய்த்துவிடுங்கள். தோசைக்கல்லில் சிறுதீயில் போட்டு, அடி தட்டையான ஒரு கிண்ணத்தால் அழுத்திக்கொண்டே பக்கத்துக்கு மூன்று நிமிஷம். கல்லில் இருக்கும்போது அது முழு மொறுமொறுப்புக்கு வராது, எடுத்து ஆறினால்தான் வரும். இதைத் தெரியாமல் "இன்னும் வரலையே" என்று கல்லிலேயே விட்டுக் கருக்கிவிடுகிறார்கள். லேசாகச் சிவந்து தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரும் பக்குவத்தில் எடுத்துவிடுங்கள். ரெண்டு நிமிஷம் ஆறட்டும், அப்புறம் கையால் ஒடித்துக் கொடுக்கலாம்.

காரம் ஆகாத பிள்ளைக்கு மிளகாய்ப்பொடிக்குப் பதில் பொரிகடலையும் உப்பும் சீரகமும் பொடித்த பொடி. ஏர் ஃப்ரையர் இருந்தால் துண்டு போட்டு எண்ணெய் புரட்டி 180 டிகிரியில் நாலைந்து நிமிஷம், நடுவில் ஒருதரம் குலுக்கிவிடுங்கள்.

"இனிப்பா ஏதாவது இருக்கா? சீனி போடாம?"

கருப்பட்டி உருண்டை. ரொட்டியை உதிர்த்து இனிப்புச் சேர்த்துப் பிசையும் மலிதா செய்து பழகிய வீடுகளுக்கு இது புதிதாக இருக்காது. காய்ந்த சப்பாத்தி நாலு. அதைப் பிய்த்து வெறும் கல்லில் மூன்று நிமிஷம் புரட்டி ஈரம் போக்கி, ஆறவைத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி ரவை மாதிரி எடுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் மாவாகி உருண்டை வாயில் ஒட்டும். ஒரு ஸ்பூன் நெய்யில் நாலு ஸ்பூன் தேங்காய்த் துருவலைப் போட்டு வாசம் வரும்வரை வதக்கித் தனியே வையுங்கள்.

கருப்பட்டி 100 கிராம் போல எடுத்துத் தட்டி, நாலைந்து ஸ்பூன் தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டுவதை ஒருநாளும் விடாதீர்கள். பனையில் பதநீர் இறக்கும்போது புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், அதன் மிச்சமும் தூசியும் மண்ணும் கருப்பட்டியில் இருக்கும். உடன்குடிக் கருப்பட்டி, புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி என்றாலும் வடிகட்டித்தான் ஆக வேண்டும். நான் ஒருதரம் அவசரத்தில் அப்படியே பொடித்துச் சேர்த்துவிட்டேன், முதல் கடியிலேயே நறநறவென்று மண், அன்றைக்குச் செய்த பன்னிரண்டு உருண்டையும் வீணாகப் போனது.

வடிகட்டியதை மறுபடி அடுப்பில் வைத்து, விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் பக்குவம் வந்ததும் இறக்கி, ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, வறுத்த எள் ஒரு ஸ்பூன், தேங்காய், சப்பாத்தி உதிரி எல்லாம் போட்டுக் கிளறுங்கள். முதலில் ரொம்ப இளக்கமாகத் தெரியும். அஞ்சு நிமிஷம் பொறுத்தால் உதிரி பாகை உறிஞ்சிக்கொள்ளும், கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டுப் பிடிக்கலாம். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பன்னிரண்டு வரும். தேங்காய் போட்டதால் அன்றன்றைக்கே காலி செய்துவிடுங்கள். தேங்காய் இல்லாமல் செய்தால் ரெண்டு நாள் தாங்கும். இன்னொன்று, சீனி போடவில்லை என்று சர்க்கரை இருக்கும் தாத்தாவுக்கும் ரெண்டு கொடுத்துவிடாதீர்கள். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

"உருண்டை எல்லாம் பிடிக்க நேரமில்ல மதினி, இதைவிடச் சுளுவா?"

இளசுச் சப்பாத்தியைச் சூடுகாட்டி, நெய் தொட்டுத் தடவி, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு ஒரு ஸ்பூன், நசுக்கிய வாழைப்பழம் பாதி தடவிச் சுருட்டிக் கொடுங்கள். பாகை ஞாயிற்றுக்கிழமை காய்ச்சி ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வாரம் முழுக்க ஓடும். நிலக்கடலைப் பொடி இருந்தால் மேலே தூவலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒன்றை நசுக்கித் தூவினால் பிள்ளைகள் கேள்வியே கேட்காது.

"கொத்து பரோட்டா வேணும்னு அடம் பிடிக்கான். சப்பாத்தில செய்யலாம்ங்காங்க, நான் செஞ்சா களி மாதிரி ஆயிருதே?"

சால்னாவை எப்போது ஊற்றுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பரோட்டாவில் ஏடு ஏடாக எண்ணெய் இருப்பதால் சால்னா உடனே உள்ளே இறங்காது. சப்பாத்தி அப்படி இல்லை, பட்டதும் குடித்துவிடும். அதனால் சப்பாத்தியை முதலில் தனியாகப் புரட்டிக் கொஞ்சம் சிவக்க வைத்துக்கொள்ள வேண்டும், சால்னாவைக் கடைசியில் கரண்டி கரண்டியாகத்தான் விட வேண்டும்.

நடுத்தரச் சப்பாத்தி மூன்றை அடுக்கிக் கத்தரிக்கோலால் விரலகலத் துண்டுகளாக வெட்டுங்கள், கத்தியைவிட இது சுளுவு. இரும்புத் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் துண்டுகளை ரெண்டு நிமிஷம் புரட்டி எடுத்து வையுங்கள். அதே கல்லில் எண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய பல்லாரி (பெரிய வெங்காயம்) ஒன்று. பல்லாரி நிறம் மாறியதும் ஒரு தக்காளி, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் கால் ஸ்பூன். தக்காளி கரைந்து எண்ணெய் விட்டதும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள், வெந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துச் சப்பாத்தியைப் போட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பால் கொத்துங்கள். கடையில் கேட்கும் அந்தச் சத்தம் வீட்டில் கேட்டாலே பிள்ளை அடுப்படிக்கு வந்துவிடும். நான்ஸ்டிக் கல்லில் மட்டும் கொத்தாதீர்கள், பூச்சு உரிந்து வந்துவிடும்.

சால்னா இல்லாவிட்டால் மத்தியானக் குழம்பு எதுவானாலும் ரெண்டு கரண்டி போதும், பருப்பு அதிகமாக உள்ள சாம்பாரைத் தவிர. எங்கள் வீட்டில் சொதி மிஞ்சிய அன்றைக்குச் செய்த கொத்துச் சப்பாத்திதான் இதுவரை வந்ததிலேயே நன்றாக வந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் காரத்தை அமர்த்திவிடும், நாலு வயதுப் பிள்ளையும் தண்ணீர் கேட்காமல் சாப்பிடும். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. முட்டை வேண்டாதவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டு, துருவிய கேரட்டும் முட்டைகோஸும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

"பரோட்டாவே மிஞ்சிட்டுன்னா? அதுலயும் இதெல்லாம் வருமா?"

கொத்தும் மொறுமொறுத் துண்டும் வரும், மற்றது வராது. பரோட்டாவை உருண்டைக்கு அரைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் இனிப்போடு சேராது. மொறுமொறுப்புக்குப் போடும்போது எண்ணெய் தடவாதீர்கள், அதிலிருக்கும் எண்ணெயே போதும். கடையில் வாங்கிய பரோட்டா ராத்திரி எத்தனை மணி வரை வெளியே கிடந்தது என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள், சால்னாவில் ஊறியதை மறுநாளுக்கு வைக்கவே வேண்டாம்.

"சீஸ் வெச்சு மடிச்சுக் கடையில தர்றாங்களே, அது வீட்டுல வருமா?"

வரும். இளசுச் சப்பாத்தியின் பாதியில் துருவிய சீஸ் ரெண்டு ஸ்பூன், வேகவைத்த மக்காச்சோளமோ பொடியாக நறுக்கிய குடமிளகாயோ ஒரு ஸ்பூன், மறுபாதியை மேலே மடித்து, கல்லில் சிறுதீயில் மூடி போட்டுப் பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். தீ கூடினால் சப்பாத்தி கருகும், உள்ளே சீஸ் உருகியிருக்காது. எடுத்ததும் கொடுக்காதீர்கள், உருகிய சீஸ் நாக்கைப் பொத்துவிடும். சீஸில் உப்பு நிறைய, அதனால் காய்க்குத் தனியாக உப்பு வேண்டாம். வாரத்தில் ஒருநாள் என்று நான் வைத்திருக்கிறேன்.

மெக்சிகோ நாட்டில் இதைத்தான் குவெசடில்லா என்கிறார்கள். குவெசோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் சீஸ். அங்கே சப்பாத்தி இருக்கும் இடத்தில் டார்ட்டில்லா.

"அந்த டார்ட்டில்லா இப்போ இங்கயே பாக்கெட்ல விக்குதே. அது நம்ம சப்பாத்திதானா? மிஞ்சினா இதே மாதிரி செய்யலாமா?"

அக்கா தங்கை என்று சொல்லலாம், ஒன்றே இல்லை. மெக்சிகோவின் பழைய டார்ட்டில்லா மக்காச்சோளத்தில் செய்வது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்துத் தட்டுவார்கள். சுண்ணாம்பு சோளத்தின் தோலைக் கழற்றிவிடும், மாவு உதிராமல் சேரும், சோளத்தில் உள்ள ஒரு பி வைட்டமின் உடம்பில் சேரவும் அது உதவும். நம் ஊரில் பதநீர்க் கலயத்துக்குப் போடும் சுண்ணாம்பு அங்கே சோளத்துக்குப் போகிறது. கோதுமை அங்கே போனது 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்களோடுதான், இன்றைக்கும் கோதுமை டார்ட்டில்லா அந்த நாட்டின் வடக்குப் பக்கத்தில்தான் அதிகம். அதில் கொழுப்பு சேர்த்துப் பிசைவதால் நம் சப்பாத்தியைவிட மெத்தென்று இருக்கும். பாக்கெட் வாங்கும்போது பின்னால் பாருங்கள், மைதாவா கோதுமையா என்று போட்டிருக்கும்.

பாக்கெட்டைத் திறந்த பிறகு இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அதில் போட்டிருக்கும் நாளுக்குள் முடித்துவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் கோதுமை டார்ட்டில்லா ஒத்துவரும், மொறுமொறுத் துண்டுக்கு எண்ணெய் பாதி போதும். சோள டார்ட்டில்லாவைக் குளிர்ச்சியோடு மடித்தால் இரண்டாக விண்டுவிடும், கல்லில் சூடேற்றிய பிறகே மடிக்க வேண்டும். அங்கேயும் மிஞ்சியதை எறிவதில்லை. முக்கோணமாக வெட்டிப் பொரித்து வைத்துக்கொள்வார்கள், அதைக் காரச் சாறில் போட்டுப் புரட்டிக் காலைச் சாப்பாடாகச் சாப்பிடுவார்கள், அதற்குச் சிலாக்கிலேஸ் என்று பெயர். பொரித்ததைக் கடைசியில் சாறில் புரட்டும் முறை ஏறக்குறைய நம் கொத்துதான்.

"காயைக் கண்டாலே பொறுக்கி வெளிய வெக்கா. சப்பாத்திக்குள்ள ஒளிச்சுக் கொடுக்கலாமா?"

ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒருதரம் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நாம் எது கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிடும். அதைவிடக் காயைக் கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் வாய்க்கு உறுத்தாத அளவில் கொடுங்கள். கேரட்டைத் துருவி முட்டை ஒட்டுக்குள் போட்டால் வெந்து இனித்துவிடும். முருங்கைக்கீரை ஒரு பிடி கடலை மாவுக் கரைசலில் போகும். உருளைக்கிழங்கு மசித்து அதில் பட்டாணி சேர்த்து ரெண்டு சப்பாத்திக்கு நடுவில் வைத்து, ஒரு சின்னச் சம்பட மூடியால் வட்ட வட்டமாக வெட்டிக் கல்லில் போட்டெடுத்தால் வட்டத்துக்காகவே சாப்பிடும். வெட்டிய ஓரத்தை எறியாமல் கொத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணரை வயசுப் புள்ளைக்கும் இதுல கொடுக்கலாமா?"

மொறுமொறுத் துண்டும் கொத்தும் வேண்டாம், தொண்டையில் குத்தும். இளசுச் சப்பாத்தியைப் பொடியாகப் பிய்த்துச் சூடான பாலிலோ பருப்புத் தண்ணீரிலோ பத்து நிமிஷம் ஊறவிட்டு, விரலால் மசித்துக் கொடுங்கள். முழு நிலக்கடலை, முழு முந்திரி எதுவும் ஐந்து வயது வரை வேண்டாம், பொடித்துத்தான் போட வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இனிப்புக்காகத் தேன் ஒரு சொட்டுகூடத் தடவக் கூடாது. நிலக்கடலை, முட்டை, எள் எதையும் முதல்முறை கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்து உடம்பு தடிக்கிறதா என்று பாருங்கள்.

"டிபன் பாக்ஸுல வெச்சு அனுப்பலாமா?"

உருண்டை (தேங்காய் இல்லாமல்), மொறுமொறுத் துண்டு, உருளைக்கிழங்கு வட்டம் இந்த மூன்றும் காலை இடைவேளைக்குப் போகலாம். முட்டை ஒட்டும் சீஸ் மடிப்பும் சூடாக வீட்டில் சாப்பிட வேண்டியவை, நம் ஊர் வெயிலில் பைக்குள் மூன்று மணி நேரம் கிடந்தால் நம்ப முடியாது. தேங்காய்ச் சட்னி தடவிச் சுருட்டிக் கொடுத்தனுப்பும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். எதை வைத்தாலும் ஆறிய பிறகு மூடுங்கள், ஹாட்பாக்ஸ் வியர்வை பற்றி முதல் கேள்வியில் சொன்னதே இதற்கும்.

"ராத்திரிப் பழசைப் புள்ளைக்குக் கொடுக்காதேன்னு எங்க அத்தை சொல்லுதாவ. அவங்க மனசும் நோகக் கூடாது, என்ன சொல்ல?"

அவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ராத்திரி மிஞ்சிய கூட்டும் பொரியலும் காலையில் ஊசிப்போகும், தேங்காய் போட்ட எதையும் நம்ப முடியாது, அந்தப் பயம் நியாயமானது. அதே ஆட்கள்தான் சோற்றில் மட்டும் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையசோறாகக் கொடுத்தார்கள், ஏனென்றால் அதை எப்படி வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சப்பாத்தி அவர்கள் அடுப்படிக்குப் பிந்தி வந்த பொருள்.

நான் செய்தது இதுதான்: ராத்திரி எடுத்து வைக்கும்போது அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், மறுநாள் சம்படத்தைத் திறந்து "மோந்து பாருங்க அத்தை" என்று அவர்கள் கையில் கொடுத்தேன். அவர்கள் மூக்கு என் மூக்கைவிடக் கூர்மை. இப்போது அவர்கள் சரி என்றால்தான் அடுப்பில் போடுகிறேன், ரெண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நாம் சாப்பிடத் தயங்குவதைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, ஒருதரம் சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்கக் கூடாது, இந்த ரெண்டில் மட்டும் நீங்கள் உறுதியாக இருங்கள்.

"விசேஷத்துக்குச் சுட்டதுல நாப்பது மிஞ்சிட்டு. ஃப்ரீசர்ல போட்டா எத்தனை நாள் தாங்கும்?"

ஃப்ரிட்ஜில் விறைப்பது ஃப்ரீசரில் நடக்காது, நல்ல குளிரில் அந்த இறுக்கம் நின்றுவிடும், அதனால் எடுத்துச் சுடும்போது புதிது மாதிரியே இருக்கும். ஆனால் அன்றைக்கே போட வேண்டும், ரெண்டு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்ததைப் போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு சப்பாத்திக்கு நடுவிலும் பட்டர் பேப்பர் வைத்து, காற்றை வெளியேற்றி, நாலு நாலாகப் பையில் கட்டி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். எடுத்ததும் உருகக் காத்திருக்காமல் நேராகக் காய்ந்த கல்லில் போடுங்கள். கரண்ட் நாள் முழுக்கப் போய் எல்லாம் இளகிவிட்டால் மறுபடி உறைய விடாமல் அன்றைக்கே செய்துவிடுங்கள், நாற்பது என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கொத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

"அப்போ இதுக்குன்னே ரெண்டு கூடச் சுட்டு வெக்கலாமா?"

தாராளமாக. நானே அப்படித்தான் செய்கிறேன், ஆளுக்கு ஒன்று கணக்கில் ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு. கூடுதலாகச் சுடும் அந்த ரெண்டை மட்டும் நெய் தடவாமல், கொஞ்சம் மெல்லிசாகத் தேய்த்துச் சுடுங்கள். தடித்ததாக இருந்தால் நடுவில் ஈரம் நின்று மொறுமொறுப்பு வராது.

"எட்டு வயசு மக, நானே செய்வேன்னு நிக்கா. விடலாமா?"

விடுங்கள். மடக்கிப் பார்த்து இளசா காய்ந்ததா என்று சொல்லும் வேலையை முதலில் அவளிடம் கொடுங்கள், என் மகள் இப்போது என்னைவிடச் சரியாகச் சொல்கிறாள். கத்தரிக்கோலால் வெட்டுவது, மிளகாய்ப்பொடி தூவித் தேய்ப்பது, முட்டை அடிப்பது, உருண்டை பிடிப்பது எல்லாம் அவள் கையால் ஆகும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கல்லில் திருப்புவது நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது மாத்திரம் அடுப்படிக்குள்ளேயே விடாதீர்கள், கொதிக்கும் பாகு வெந்நீர் மாதிரி வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அது ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கூப்பிடுங்கள்.